பூக்கட்டிப் பார்த்த வைத்தியம்

1

மலேசியாவில் நான் இருக்கிற கோலசிலாங்கூரில் பெரியவர்கள் போடுகிற டயப்பர் எந்தக் கடையில் கிடைக்கும், எந்தக் கடையில் பெரிய அளவு எப்போதும் தீர்ந்துபோயிருக்கும், எந்தக் கடையில் கல்லாப் பெண் நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் பையில் போட்டுத் தருவாள் என்று என்னைக் கேளுங்கள். தூக்கத்தில்கூடச் சொல்வேன். கடல் தாண்டி வந்து எட்டு வருஷத்தில் நான் உருப்படியாகத் தேறிய பாடம் இது ஒன்றுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கிய மார்க் உங்களுக்கே தெரியும். தெரியாதவர்கள் என் அப்பாவைக் கேட்டால் இன்றைக்கும் அழுதுகொண்டே சொல்வார்.

டயப்பர் எனக்கில்லை. சிரிக்க வேண்டாம். என் மாமனாருக்கு.

நம்ம ஊர்ப் பையன்கள் நடத்துகிற இந்தத் தாளுக்கு 'வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுது' என்று கேட்டபோது, உயரமான கட்டடம், கண்ணாடி மாதிரி ரோடு என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் இருக்கிற பக்கத்தில் உயரமாக இருப்பது செம்பனை மரம்தான். அதன் காயிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். எங்கு பார்த்தாலும் அதுதான்.

நேற்றிலிருந்து தினமும் காலையில் மாமாவைக் காடியில் ஏற்றிக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். இங்கே காருக்குப் பெயர் காடி. மொத்தம் முப்பத்து மூன்று நாள், சனி ஞாயிறு கணக்கில் இல்லை. நேற்று போகிற வழியில் மாமா ஒன்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து ஓயாத என் வாய் ஓய்ந்துவிட்டது. சாயங்காலம் என் மனைவி சுமதி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "காச்சல் இல்லியே, அப்புறம் ஏன் பேசாம இருக்கீங்க, பயமா இருக்கு" என்றாள்.

அவளிடம் சொல்ல முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

2

மாமா பெயர் ராஜமாணிக்கம். நாற்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் லோரியும் டிராக்டரும் ஓட்டியவர். பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார், இங்கே எல்லாரும் அப்படித்தான். நான் இங்கே முதலில் வந்தது ஒரு சாப்பாட்டுக் கடைக்கு, மேசை துடைக்க. வந்த இரண்டாவது மாதம் ஒரு நாள் காலையில் மாமா கடைக்கு வந்து உட்கார்ந்து, "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டார். காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள். எனக்கு அது தெரியாது. யாரோ ஒரு நல்ல மனிதர் என் கஷ்டத்தை விசாரிக்கிறார் என்று நினைத்து, "எங்கங்க, ரெண்டு மாசமாப் பசி ஆறவே இல்ல" என்றேன்.

அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் விசா. மற்றதெல்லாம் இமிகிரேஷன் ஆபீஸில் நம்பர் எடுத்து உட்கார்ந்து வாங்கியது.

அவருடைய மகள் சுமதியை நான் எப்படிக் கட்டினேன் என்பதை எழுதினால் அவள் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். கட்டினேன், அவ்வளவுதான். மாமாவின் மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டார். மகன் சிங்கப்பூரில். ஆகவே ஒரே வீட்டில் மாமா, சுமதி, நான், பிறகு எங்கள் மகள் யாழினி. இங்கே தங்குவதற்கான என் பாஸில் வருஷா வருஷம் முத்திரை வாங்க வேண்டும். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க வேண்டும். "இவர் உங்க கணவர்தானா?" என்று அதிகாரி கேட்பார். சுமதி ஒரு நிமிஷம் யோசிப்பது மாதிரி என்னைப் பார்ப்பாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்ணில் வந்துவிடும்.

மாமாவுக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் ராஜா மரியாதை. அவர் வேலை செய்த தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, ஆட்கள் கோலசிலாங்கூர், புஞ்சாக் ஆலாம், சுங்கை ஆயர் தாவார் என்று சிதறிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். அன்றைக்கு ரதத்தை இழுக்கிற டிராக்டரை மாமாதான் ஓட்டுவார். இருபத்தாறு வருஷம் ஓட்டினார். குண்டும் குழியுமான மண் ரோட்டில் அம்மன் தலையில் வைத்த பூ ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

"எப்படி மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பின்னாடி இருக்கது அம்மாலா. தூங்குற அம்மாவ எழுப்பாமப் போவணும்" என்றார்.

3

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா அடிக்கடி காடியை நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தார். இறங்குவார், செம்பனைப் பக்கம் போவார், ரொம்ப நேரம் நிற்பார், திரும்பி வருவார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன மாமா, மரத்துக்கு மரம் தண்ணி ஊத்துறீங்க? தோட்டத்துல மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆமாலா மாப்ள. ஓவர்டைம்" என்பார்.

இப்படியே சிரித்துச் சிரித்து மாதங்களை ஓட்டினோம். கடைசியில் சுமதி வலுக்கட்டாயமாக டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், பிறகு ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். புரோஸ்டேட்டில் புற்றுநோய். மூத்திரப் பைக்குக் கீழே வாதுமைக் கொட்டை மாதிரி ஒன்று இருக்கிறதாம். ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கிறதாம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தவர் ஒரு மலாய் டாக்டரம்மா. சின்ன வயது, பொறுமைசாலி. வயதானவர்களை மலாய்க்காரர்கள் பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மாமாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, எனக்கு அரைகுறை. டாக்டரம்மா சொன்னதை நம் பேச்சில் தருகிறேன். தாளில் படம் போட்டுக் காட்டினார்.

"நோய் வெளிய பரவல பாக்சிக், அது நல்ல சேதி. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒப்பரேசன் பண்ணி அந்தச் சுரப்பிய எடுத்துர்றது. கொஞ்ச நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஆனா மூத்திரம் அடக்க முடியாமக் கசியும். நெறையப் பேருக்கு மாசக்கணக்குல சரியாயிடும், சில பேருக்கு ஆகாது. இன்னொண்ணு ரேடியேசன். ஏழு வாரம், தெனம் இங்க வரணும். கூட ஊசியும் போடணும். உடம்பு சோர்வா இருக்கும், வயித்துப் பிரச்சினை வரலாம்."

பிறகு கொஞ்சம் தயங்கி, இரண்டிலும் ஆண்மைக்குப் பாதிப்பு வரலாம், அது முக்கியமா என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கைகழுவும் படத்தை மிகவும் கவனமாகப் படித்தேன்.

"அது எப்பவோ ரிட்டயர் ஆயிடுச்சு டாக்டர். பென்சன்கூட வரல" என்றார் மாமா.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆடி மாசம் நான் டிராக்டர் ஓட்டணும். எது பண்ணா ஓட்டலாம்?"

"ரெண்டுலயும் ஓட்ட முடியலாம். முடியாமயும் போவலாம். உறுதியாச் சொன்னா அது பொய்."

"அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"நோயைப் பொறுத்தவரைக்கும் உங்களுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் பாக்சிக். உங்க உடம்பு. நீங்கதான் சொல்லணும். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

வெளியே வந்து காடியில் உட்கார்ந்ததும் மாமா பொரிந்து தள்ளினார். தோட்டத்தில் மேஸ்திரிக்கு மண்டோர் என்றும் கணக்குப்பிள்ளைக்குக் கிராணி என்றும் பெயர்.

"நாப்பது வருசம் மண்டோர் கைகாட்டுன எடத்துக்குப் போனேன். கிராணி பேர் கூப்பிட்டா வந்து நின்னேன். கல்யாணம்கூட எங்கப்பா சொன்ன பொண்ணு. அறுவத்தாறு வயசுல வந்து நீயே சொல்லுங்குது இந்தப் பொண்ணு. அப்புறம் எதுக்குலா இவ்ளோ படிச்சிச்சு?"

நான் சாவியைத் திருகினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சுமதி அம்மா இருந்தா அவளக் கேட்டுருப்பேன். அவ டக்குனு சொல்லிருப்பா" என்றார்.

4

அந்த இரண்டு வாரமும் வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம். சுங்கை ஆயர் தாவாரில் ஒருவர் ஏதோ இலையை அரைத்துக் குடித்தே சரியாகிவிட்டதாக ஒரு சேதி வந்தது. சிங்கப்பூர் மச்சான் போனில், "அப்பா, யூ டிசைட், ஐ சப்போர்ட்" என்றார். மாமா போனை என்னிடம் கொடுத்து, "இவன் என்னா சொல்றான்?" என்றார்.

"நீங்க முடிவு பண்ணுங்க, நான் கூட இருக்கேங்கிறார்."

"எங்கலா இருக்கான்? சிங்கப்பூர்லதான் இருக்கான்."

சுமதி சமையல்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவள் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையில். லீவு கேட்டாலே அங்கே முகம் சுளிப்பார்கள். அவளுக்குக் காடி ஓட்டவும் வராது. என்னை யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரன்தானே. தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு இங்கே பெயர் அதுதான். நம்ம ஊருக்கு வந்தால் மலேசியாக்காரன். இரண்டு பக்கமும் விருந்தாளி.

யாரும் கேட்காததால் நான் எனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ரேடியேஷன் என்றால் ஏழு வாரம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஓட்டப்போவது நான். அப்போது நான் சாப்பாட்டுக் கடையை விட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீன முதலாளியிடம், இங்கே சொல்வது போல் ஒரு தவுக்கேயிடம், மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். படகு வந்தால் ஐஸ் போடணும், பெட்டி கட்டணும், லோரியில் ஏற்றணும். தவுக்கே ஏழு வாரம் லீவு தருவாரா? மீன் காத்திருக்குமா? வேலை போகும். அந்த நேரம் பார்த்துப் பாஸ் புதுப்பிக்கிற மாதம் வேறு. வேலை இல்லாதவனா என்று கேட்டால்? திருப்பி அனுப்பினால்? யாழினி முகம் கண் முன்னால் வந்தது.

கவனியுங்கள், நான் தவுக்கேயிடம் கேட்கவே இல்லை. அவர் சொல்லப்போவதை நானே அவருக்காகச் சொல்லிக்கொண்டேன்.

ஒப்பரேஷன் என்றால் ஒரே வாரம். அதோடு, ஏழு வாரம் இழுத்தால் ஆடி வந்துவிடும், ரதம் ஓட்ட முடியாது, சட்டென்று முடித்தால் மாமா தேறி வந்து ஓட்டுவார் என்று ஒரு நல்ல காரணமும் தயார் செய்துகொண்டேன். சுயநலத்துக்குச் சட்டை போட்டுவிடுவதில் நான் படிக்காத மேதை.

5

மறுபடி டாக்டரைப் பார்க்க மூன்று நாள் இருக்கும்போது மாமா, "பூக்கட்டிப் பாத்துருவோம். அம்மா சொல்லட்டும்" என்றார்.

நம்ம ஊரிலும் உண்டுதானே. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் ஒப்பரேஷன், சிவப்பு வந்தால் ரேடியேஷன் என்று மாமா வேண்டிக்கொண்டார். அந்தத் தோட்டத்துக் கோயிலில் ஒரு வழக்கம். யாருக்காகக் கேட்கிறோமோ அவருடைய ரத்த சொந்தம் பொட்டலம் கட்டக்கூடாது. எடுப்பது குழந்தை என்பதால் யாராக இருந்தாலும் சரி. கட்டுகிற கை மட்டும் சம்பந்தமில்லாத கையாக இருக்க வேண்டும்.

பூசாரி, "யாரு கட்டறது?" என்றார்.

"என் மாப்ள கட்டட்டும்" என்றார் மாமா. "ஊர்க்காரன். அவனுக்கு எது வந்தாலும் ஒண்ணுதான்லா."

வாழையிலைத் துண்டு, நூல், மல்லி, வேலியோரம் பறித்த சிவப்பு இட்லிப்பூ, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். முதல் இலையில் மல்லியை வைத்து மடித்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். இட்லிப்பூவை எடுத்தேன். எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து பூசாரி, "தம்பி, பூக்கட்டச் சொன்னமா, பூமாலை கட்டச் சொன்னமா?" என்று குரல் கொடுத்தார்.

இட்லிப்பூவைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தேன். இரண்டாவது இலையிலும் மல்லியை வைத்துக் கட்டினேன்.

யாழினிக்கு அப்போது மூன்று வயது. சன்னதி முன்னால் தட்டில் இரண்டு பொட்டலத்தையும் பார்த்ததும் இரண்டையும் அள்ளிக்கொண்டாள்.

"ஒண்ணுதான் எடுக்கணும் பாப்பா" என்றார் பூசாரி.

"வொய்?" என்றாள் என் மகள்.

பூசாரி என்னைப் பார்த்தார். அம்மனும் என்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. சுமதி அதட்டிய பிறகு யாழினி மனசே இல்லாமல் ஒன்றைக் கீழே வைத்தாள். கையில் இருந்ததைப் பூசாரி பிரித்தார். மல்லி.

மாமா முகத்தில் அந்த இரண்டு வாரமாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. தோட்டத்தில் காலையில் மண்டோர் கைகாட்டியதும் நடக்க ஆரம்பிப்பாரே, அந்த நடை வந்துவிட்டது. "ஆயிருச்சுலா. அம்மா சொல்லிட்டா" என்றார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அதை மாமா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆற்றுப் பாலத்துக்கிட்ட இறங்கி அவரே விட்டுவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கால்சட்டையை நானே துவைத்தேன். பையில் இட்லிப்பூ நசுங்கிக் கிடந்தது. "அதிசயமா இருக்கே, நீங்க துவைக்கிறீங்க?" என்றாள் சுமதி. "உங்க அப்பாவுக்கு நல்லபடியா ஆகணும்னு வேண்டுதல்" என்றேன். அவள் நம்பினாள்.

6

ஒப்பரேஷன் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மூத்திரம் போக வைத்திருந்த டியூப்பை எடுத்த அன்றைக்குக் கசிய ஆரம்பித்தது. டாக்டரம்மா முன்பே சொன்னதுதான். தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மாமா விடாமல் செய்தார். எழுந்தால் கசிந்தது. இருமினால், சிரித்தால் கசிந்தது. என்னைப் போன்ற ஒருவனை மருமகனாக வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருப்பது எப்படி? நான் ஜோக்கைக் குறைத்துக்கொண்டேன். அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "என்னலா, நான் செத்துட்டனா?" என்றார்.

அதே நேரம்தான் யாழினிக்கு டயப்பரை விட வைக்கிற பாடம். காலையில் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து பாத்ரூம் வாசலில் நிற்பார்கள். "தாத்தாவும் பெம்பர்ஸ், நானும் பெம்பர்ஸ்" என்று பாட்டு வேறு. மாமா தாளம் போடுவார். யார் முதலில் விடுவது என்று இரண்டு பேருக்கும் போட்டி வைத்ததே நான்தான். சுவரில் தாள் ஒட்டி ஸ்டார் போட்டேன்.

அந்த வருஷ ஆடி வந்தது. கமிட்டிக்காரர்கள் டிராக்டரைக் கழுவி வைத்துவிட்டுக் கூப்பிட வந்தார்கள். மாமா குளித்து, வேட்டி கட்டி, வாசல் வரைக்கும் வந்தார். பிறகு உள்ளே திரும்பிப் போய் வேட்டி மாற்றினார். மறுபடி வந்தார். மறுபடி திரும்பினார். மூன்றாவது தடவை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"டயப்பர் போட்டுருக்கீங்கல்ல மாமா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"பின்னாடி ஒக்காந்துருக்காளே, அவளுக்குத் தெரியாதா? மேல அம்மா, முன்னாடி நான் மூத்திரத்தோடயா?"

புஞ்சாக் ஆலாமிலிருந்து வந்த ஒரு பையன் ஓட்டினான். மாமா கோயில் எல்லைக்குள் வரவில்லை. ரோட்டோரம், செம்பனை வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றார். நான் கூட நின்றேன். ரதம் கிளம்பும்போது ஒரு குலுக்கல். "கிளட்ச்ச மெதுவா விடுறா டேய்!" என்று கத்தினார். மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அம்மன் தலையிலிருந்து பூ கீழே விழுந்தது. மாமா இரண்டு கையாலும் காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

தீபாவளிக்குள் யாழினி டயப்பரை விட்டுவிட்டாள். வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது சுவர்த் தாளைக் காட்டி, "ஐ பாஸ். தாத்தா ஃபெயில்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு மெல்ல எழுந்து அறைக்குள் போனார். அன்றிலிருந்து கடைக்குப் பசியாறப் போவதை நிறுத்திவிட்டார். தாளைக் கிழித்துப் போட்டேன். அதை ஒட்டியதும் நான்தான் என்பது அவளுக்கு நினைவிருக்கப் போவதில்லை. எனக்கு இருக்கும்.

7

ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆனபோது இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்க்கிற ஓர் எண் ஏற ஆரம்பித்தது. எங்கோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இப்போது ரேடியேஷன் கொடுத்தாக வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை 'நீங்கதான் சொல்லணும்' என்று சொல்லவில்லை.

ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு இப்படி ஆவது உண்டுதானாம். முதலிலேயே ரேடியேஷனுக்குப் போயிருந்தாலும் திரும்ப வந்திருக்கலாமாம். யாராலும் சொல்ல முடியாதாம். நான் தனியாகப் போய்க் கேட்டபோது டாக்டரம்மா இதைத்தான் சொன்னார். ஆறுதலாகச் சொன்னார். அம்மனைக் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவரிடம் கேட்க முடியுமா?

தவுக்கேயிடம் போனேன். மாமனாருக்கு ஏழு வாரம் ஆஸ்பத்திரி, நான்தான் ஓட்டணும் என்றேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"போயிட்டு வா. மீன் எங்க ஓடப்போவுது? செத்த மீன்தானே" என்றார் மலாயில். பிறகு, "உன் மாமனாருக்கு முடியலன்னு போன வருசமே கேள்விப்பட்டேன். நீ வந்து கேப்பேன்னு நெனச்சேன். கேக்கல" என்றார்.

பாஸ் புதுப்பிக்கிற இடத்தில் இந்த வருஷமும் போன வருஷமும் என் வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

8

நேற்றுதான் முதல் நாள். சீட்டில் பிளாஸ்டிக் விரித்து, மேலே துண்டு போட்டேன். மாமா, "ராஜா மாதிரி மெத்தை போட்டுருக்கியே" என்று ஏறினார். யாழினி வாசலில் நின்று "பாய் பாய் அத்தோக்" என்றாள். மலாயில் தாத்தா. பாலர்பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் தாத்தா என்ற சொல் குறைந்துகொண்டே வருகிறது.

கோலசிலாங்கூரைத் தாண்டி, செம்பனை முடிந்து, பெரிய ரோடு வந்தது. மாமா சாவகாசமாகக் கேட்டார்.

"மாப்ள, அந்தப் பொட்டலம் ஞாபகம் இருக்கா?"

"எது மாமா?"

"ஆத்துல விட்டனே."

"ம்."

"விடறதுக்கு முன்னாடி மோந்து பாத்தேன்லா. ஏன்னு தெரியல, கைக்கு வந்துச்சு, மோந்தேன். இட்லிப்பூவுக்கு மல்லி வாசம் ஏது?"

முன்னால் ஒரு லோரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் எழுதியிருந்த நம்பரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

"அப்பவே சொல்லிருக்கலாம்ல மாமா."

"எதுக்கு? எனக்கு யாராச்சும் ஒருத்தர் சொல்லணும். அவ்ளோதான். டாக்டரம்மா சொல்லல, பெத்த மவன் சொல்லல. ஏழு வாரம் இந்தக் கெழவன் அலையக் கூடாது, சட்டுனு முடியட்டும்னு நெனச்சு நீ சொன்ன. சாமியையே ஏமாத்தணும்னா எவ்ளோ துணிச்சல் வேணும்? நம்ம மேல உசுரா இருக்கவன்தான் அத பண்ணுவான்." என் தோளில் கை வைத்தார். "இப்படி ஆனதுக்கு நீ என்னா பண்ணுவ? அத மனசுல வச்சிக்காத. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

இல்லை மாமா, உங்களுக்காக இல்லை, இதோ இந்த ரோட்டுக்குப் பயந்து, இதே முப்பத்து மூன்று நாளுக்குப் பயந்து என்று சொல்ல நாக்கு எழும்பியது. அவர் கை தோளிலேயே இருந்தது.

"சரி மாமா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரேடியேஷனுக்கு முன்னால் தண்ணீர் குடித்து மூத்திரப் பையை நிறைத்து வைத்திருக்க வேண்டுமாம். அடக்க முடியாத மனிதரிடம் அடக்கி வை என்கிறார்கள். இரண்டு தடவை நனைந்தது. மூன்றாவது தடவை தொடையை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, டிராக்டரில் உட்கார்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டதும் எழுந்து போனார். போகும்போது எழுந்த நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இப்போதெல்லாம் எங்கே எழுந்தாலும் அப்படிப் பார்க்கிறார்.

இன்றைக்கு இரண்டாவது நாள். இரவெல்லாம் யோசித்து, இன்று வழியில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினேன். அவர் என்னைத் திட்டட்டும். அந்த நன்றி மட்டும் எனக்கு வேண்டாம். செம்பனைத் தோட்டம் வந்தது. முன்பு அவர் இறங்கி இறங்கி நின்ற இடம். வேகத்தைக் குறைத்தேன்.

"மாமா."

"என்னலா?"

திரும்பிப் பார்த்தேன். வெயில் முகத்தில் விழ, துண்டைச் சரிசெய்தபடி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேலி வரப்போகிறதோ என்று சிரிக்கத் தயாராக இருந்தார்.

"ஒண்ணுக்கு நிறுத்தணுமா?" என்றேன்.

"வேணாம் மாப்ள" என்றார். "இப்பல்லாம் அதுக்காக நிறுத்த வேண்டியதே இல்லலா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.